அண்ணாமலையாரிடம் நான் கேட்ட உடம்பு

இதை எழுதப் பல வருடங்களாகத் தயங்கினேன். எழுதினால் மாடியில் குடியிருக்கும் என் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி மல்லிகா படித்துவிடுவாளே என்ற கூச்சம். இப்போது படித்தால் படிக்கட்டும்.

எங்கள் வீடு அண்ணாமலையார் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில். எனக்கு நாளெல்லாம் தையல் மிஷின்தான். ஓயாத அசதி என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள். சீட்டைப் பார்த்த டாக்டரம்மா கேட்டுக்கொண்டே போனார்.

"வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?"

"அம்மாவுக்கு இருந்துச்சு. ஒரு காலையே எடுத்துட்டாங்க."

"மாசமா இருக்கும்போது உங்களுக்கு வந்துச்சா?"

"சின்னவ வயித்துல இருக்கும்போது வந்துச்சு. அவ பொறந்ததும் போயிடுச்சு."

"உக்காந்த வேலை. இடுப்பும் பெருத்துடுச்சு, பிரஷரும் ஜாஸ்தி. சுகர் இன்னும் வரலைம்மா. ஆனா வாசல்ல நிக்குது. நடக்கறீங்களா?"

"பௌர்ணமி தவறாம கிரிவலம் போறேனே!"

"வழியில அன்னதானம்?"

கிரிவலப் பாதையில் ஒரு லிங்கம் விடாமல் சர்க்கரைப் பொங்கலும் ரோஸ் மில்க்கும் வாங்கிச் சாப்பிட்டவள் நான். பிரசாதம் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு.

வீடு திரும்பினால், மல்லிகா மாடிப்படியில் உட்கார்ந்து ஜாங்கிரி தின்கிறாள். கொடி மாதிரி இடுப்பு. எனக்கு வயிறு எரிந்தது. அவள் அம்மா வீட்டில் ஒருவருக்கும் இந்த நோய் கிடையாது. ஒரே வீட்டுக்குத்தானே இரண்டு பேரும் வாழ்க்கைப்பட்டோம்? எனக்கு மட்டும் ஏன்? பாதியில் வெட்டிக் கட்டுப்போட்ட அம்மாவின் கால் கண்முன்னால் வந்து நின்றது. அன்று சாயங்காலம் சன்னதியில் விழுந்து அழுதேன்.

"அப்பனே, என் காலைக் காப்பாத்து. அவ உடம்பை எனக்குக் குடு."

மறுநாள் விடியற்காலை யாரோ கதவைத் தட்டினார்கள். மல்லிகா.

"அக்கா, தெனம் மலைப் பக்கம் நடக்கறேன். நாய்ங்க தொரத்துதுங்க. துணைக்கு வாங்களேன்."

"நான் வந்தா நாய் பயந்துடுமாடி?"

"உங்க குரலுக்கு மாமாவே பயப்படறாரு!"

அவள் தினமும் நடப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். போனேன். விறுவிறுவென்று எனக்கு முன்னால் போனாள். பொறுக்கவில்லை. எட்டி நடந்தேன். அவள் இன்னும் வேகமாகப் போனாள். தினமும் இதே போட்டி. அவளை முந்தவிடக் கூடாது என்பதற்காகவே ஒருநாள்கூட நான் வீட்டில் தங்கவில்லை. சோற்றைக் கம்மி செய்தேன். பௌர்ணமியில் பொங்கலைக் கண்ணில் ஒற்றி, ஒரு வாயோடு நிறுத்தினேன்.

அடுத்த முறை ரத்தம் பார்த்தபோது டாக்டரம்மா சிரித்தார். வாசலில் நின்றது பின்வாங்கியிருந்தது. இன்றுவரை உள்ளே வரவில்லை.

நான் கேட்டது அவள் உடம்பை. அண்ணாமலையார் அவளையே அனுப்பினார். என் பொறாமையை மட்டும் அவர் எடுக்கவில்லை. அதை எடுத்தால் நான் நடக்கமாட்டேன் என்று தெரியும் போலிருக்கிறது.

அடியார்களே, அம்மா அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தாலும், பிள்ளை சுமந்தபோது வந்து போயிருந்தாலும் பயந்து ஒளியாதீர்கள். வேண்டிக்கொண்டு, போய் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அவர் கைவிடமாட்டார்.

இதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அப்படியே அனுப்புங்கள். பொறாமை என்று இருக்கும் இடத்தில் பாசம் என்று யாரும் திருத்திவிட வேண்டாம். மல்லிகா நம்பமாட்டாள்.