சாருஜா குடுத்த விதை வெங்காயம்

எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எது தட்டுப்பாடானாலும் முதலில் எட்டிக் கூப்பிடுகிற வீடு சாருஜாவுடையதுதான். கேட்டதைவிடக் கூடத்தான் கிடைக்கும். நான் அடுத்த வளவு. வெட்கமில்லாமல் நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் அவள் பிறந்த கோப்பாய் வீடு அப்படியல்ல. மரத்தில் முருங்கைக்காய் தொங்கத் தொங்க, கேட்டு வந்தவரிடம் "இல்லை" என்று சொல்லி அனுப்புகிற மனுசி அவளுடைய தாய். வசதிக்குக் குறைவில்லை, மனம்தான் வராது.

புருஷன் வாகீசன் வளர்ந்த புத்தூர் வீடு வேறு. அங்கே சாப்பாட்டுச் சாமானுக்கு 'இல்லை' என்று சொல்லவே கூடாது. அரிசி முடிந்தால் "அரிசி நிறைஞ்சிட்டுது" என்பார்கள். 'இல்லை'யை மட்டுமே கேட்டு வளர்ந்த சாருஜாவுக்கு இது எங்கே விளங்கப்போகிறது?

கல்யாணமான வருஷம் கொட்டிலில் விதை வெங்காயம் பிடிபிடியாகத் தொங்கியது. தங்கள் நடுகைக்கு மட்டுமட்டு. வாகீசன் வெளியே போகும்போது, "ஆரும் விதை வெங்காயம் கேட்டு வந்தால், நிறைஞ்சிட்டுது எண்டு சொல்லும்" என்றான்.

அன்றைக்கே பக்கத்துத் தோட்டத்து ஏரம்பு மாமா வந்தார். மழையில் அவருடைய விதையெல்லாம் அழுகிப்போயிருந்தது, பாவம்.

"நிறைஞ்சிட்டுது மாமா."

அவர் விளங்கிக்கொண்டு திரும்பினார்.

"ஏன் போறியள்? கழட்டிக்கொண்டு போங்கோவன்!"

மாமா திகைத்துப்போனார், கண்ணும் கலங்கிவிட்டது. திகைத்தபடியே பாதிக் கொட்டிலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் வாகீசன் வந்து மேலே பார்த்தான். சாருஜாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. "இஞ்சாருங்கோ, நீங்கள் சொன்னபடி குடுத்தனான். மாமா அழுதே போட்டார்."

"நல்லது" என்றான், மிஞ்சிய பிடிகளை எண்ணிக்கொண்டு.

அந்த முறை பாதித் தோட்டத்தில் பூசணிதான். வெங்காயம் விலை ஏறின வருஷம் அது, எனக்கே வயிறெரிந்தது. வாகீசன் பிறகு அந்தச் சொல்லை வீட்டில் எடுக்கவேயில்லை.

ஆறு மாதம் கழித்து, புத்தூரில் அவனுடைய தகப்பனின் தங்கையான மாமி வீட்டில், "உப்பு நிறைஞ்சிட்டுது, கடைக்கு ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று மாமி சொன்னது சாருஜாவின் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து விக்கி விக்கி அழுதாள்.

"அண்டைக்கே ஏன் என்னை ஏசேல்லை?"

"முதன்முதலா ஒராளுக்குக் குடுத்துப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு நிண்டீர். நான் ஏசியிருந்தால், பிறகு ஒருநாளும் குடுத்திருக்க மாட்டீர்" என்றான் வாகீசன்.

அடுத்த நடுகைக்கு முன்பு, கேட்டு வருகிறவர்களுக்கென்று பத்துப் பிடியைத் தனியாக எடுத்து வைத்தாள் சாருஜா. விதை மட்டுமட்டு என்று இந்த முறை அவளுக்கு நன்றாகத் தெரியும்.