எழுந்ததும் மறந்துவிடும் கம்ப்யூட்டர்

ஆறாவதோடு படிப்பை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் ஏறியவன் நான்; இன்று நாலு ரிக்குக்கு முதலாளி. திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தவனும் நானே. பெரிய திரையாகப் பார்த்து வைத்திருந்தேன். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் அந்த ஒல்லியான நூலகர் அம்மா வேண்டாமென்றார். சின்னது போதும், மேசையோடு பூட்டவேண்டும், ஆள் எழுந்ததும் பார்த்ததெல்லாம் அழியவேண்டும் என்றார். யாராவது வந்து உட்கார்ந்தால் தன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் என் பங்காளியின் மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். முந்தின நாள் நூலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்தாளாம். "கையில கெடச்சா வெட்டிப்போடுவேன்" என்று கொதித்தவரைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன்.

"ஏனுங்கம்மா, நான் வாங்கிக் குடுத்த மெஷினு. அந்தப் புள்ள எதப் பாத்துச்சுன்னு தொறந்து காட்டுங்க."

"நேத்தே அழிஞ்சிருச்சுங்க. நீங்க காசு குடுத்துச் செஞ்ச ஏற்பாடுதானுங்க."

பங்காளி மேசையில் ஓங்கி அறைந்தார். "நீ பாத்திருப்பியே?"

"நான் ஜன்னலத்தானுங்க பாத்துட்டிருந்தேன்."

குரல் நடுங்கவில்லை. நாற்காலியை மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெண் அகப்படவே இல்லை. ரிக் கக்கும் மண்ணைப் பார்த்தே தண்ணீர் எத்தனை அடியில் என்று சொல்லிவிடுவேன். அந்த அம்மா அன்று எதைப் பார்த்தார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.