உடம்பில்லாத ஆட்கள்

ரோபோ சிமுலேட்டர் என்பது நிஜ ரோபோவை உடைப்பதற்கு முன்னால் கணினிக்குள் உடைத்துப் பார்க்கும் வசதி. நான் பிடித்தது இலவச வகை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளலாம். அந்த ‘யார்’ நானாக இருப்பேன் என்று எழுதியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரி லேபில் எனக்கு வேலை. மருத்துவமனை வார்டுகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகும் வண்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். இடுப்பு உயரம், ஒரு அரிசி மூட்டை கனம். சிமுலேட்டரை நிறுவவே இரண்டு வாரம் போனது. முதல் நாள், திரையில் இருந்த வண்டியின் சக்கரங்களைத் தரைக்குள் புதைத்து வைத்துவிட்டேன். வண்டி கூரையைப் பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் போனது. துறைத்தலைவரிடம் “சோதனை சார்” என்றேன்.

பிறகு, சிமுலேட்டர் வராந்தாவில் ஆட்கள் குறுக்கே நடக்கும் பகுதியை நானே எழுதிச் சேர்த்தேன். ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துத் துள்ளித் துள்ளி விழுந்தார்கள். எரிச்சலில், இடிபடும் உடம்பை நீக்கிவிட்டு உருவத்தை மட்டும் விட்டுவைத்தேன். அப்புறம் சரிசெய்யலாம் என்று நினைத்து, மறந்தேன். கணினி திணறியதால் திரைக்காட்சியையும் அணைத்துவிட்டு, கடைசியில் வரும் எண்ணை மட்டும் பார்த்தேன். மோதல்: பூஜ்யம். வேகத்தைக் கூட்டினேன். பூஜ்யம். ஆளுக்கு எவ்வளவு முன்னால் நிற்கவேண்டும் என்ற தூரத்தைக் குறைத்தேன். அப்போதும் பூஜ்யம். என்னை நானே பாராட்டி எனக்கே பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

டெமோ நாள் காலை தாம்பரத்தில் ரயில் ஏறினேன். விருந்தினர்களுக்கு ஒரு வீடியோ இருந்தால் அழகாக இருக்குமே என்று, அணைத்ததற்குப் பிறகு முதல் தடவையாக மடிக்கணினியில் திரைக்காட்சியைப் போட்டு ஓட்டினேன். வண்டலூர் தாண்டும்போது என் வண்டி ஒரு ஆளின் வயிற்றுக்குள் புகுந்து முதுகு வழியாக வெளியே வந்தது. அடுத்த ஆளுக்குள்ளும் அப்படியே.

உடம்பில்லாத ஆட்கள் மேல் எது மோதும்? அந்தப் பூஜ்யத்தை நம்பி வைத்த வேகமும் தூரமும் அப்படியே நிஜ வண்டியில் ஏறியிருந்தன. நிஜ வண்டிக்கு ஆள் தெரியும். நிற்கத்தான் இடம் போதாது. லேபிலிருந்த நண்பனைக் கூப்பிட்டேன்.

“மச்சான், வண்டிய ஓட்டாத!”

“எல்லாரும் வந்துட்டாங்கடா. அக்காதான் குறுக்க நடக்கப்போறாங்க.”

அக்கா என்றால் எங்கள் லேப் உதவியாளர். இரண்டு மாதம் முன்புதான் முழங்காலில் ஆபரேஷன்.

“அவங்கள ஏன்டா?”

“‘சார் செஞ்சது, கண்டிப்பா நிக்கும்’னு அவங்களே கேட்டு வாங்கினாங்க.”

“நிக்காதுடா!”

“நான் சொன்னா ஹெச்.ஓ.டி. கேப்பாரா? நீ வா. காபி குடுத்து நேரத்த இழுக்கறேன்.”

கூடுவாஞ்சேரியில் ரயில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு வேர்வை முதுகில் இல்லாமல் உள்ளங்காலில் ஊறியது. பொத்தேரியில் இறங்கி ஓடினேன். தொப்பை எனக்கு அரை அடி முன்னால் ஓடியது.

வராந்தாவில் வண்டி கிளம்பியிருந்தது. அக்கா ஃபைலை மார்போடு அணைத்தபடி குறுக்கே வந்துகொண்டிருந்தார். கத்த வாய் திறந்தேன், காற்றுதான் வந்தது. அவசர நிறுத்தச் சிவப்புப் பொத்தானை வண்டியின் பின்பக்கம் வைத்த மேதை நான்தான். எனவே முன்பக்கம் பாய்ந்து நடுவில் நின்றேன். வண்டி என்னைப் பார்த்தது. பிரேக் போட்டது. என் முழங்கால் எலும்பில் இடித்து, என்னைத் தரையில் உட்காரவைத்து நின்றது.

“இன்னா சார், நிக்கும்னு சொன்னீங்க?”

“நின்னுச்சே அக்கா. என் மேல நின்னுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் துறைத்தலைவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் வண்டியின் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மதியம், ஆட்களுக்கு உடம்பைத் திருப்பிக் கொடுத்து, திரையைப் போட்டு ஓட்டினேன். அக்கா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் ஆள் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதன் கால் மடங்கி வண்டிக்கு அடியில் போனது.

“இதுல நான் யாரு சார்?” என்றார்.

மூலையில் சுவரோரம் நகராமல் நின்ற ஒன்றைக் காட்டினேன். வண்டிக்கு அடியில் கால் மடங்கிக் கிடந்த மூன்றாவதை மவுஸால் மெல்லத் திரைக்கு வெளியே ஒதுக்கினேன்.