உடையும் என்று சொன்னவர்

வேலை முடிந்து வந்தால் தபால்பெட்டியில் ஒரு சீட்டு கிடக்கிறது: உங்கள் பார்சல் எதிர்வீட்டில் இருக்கிறது. நெதர்லாந்துக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. படிக்கட்டில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கும் அந்தப் பெரியவர், என் பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, தொடாமல் வைத்திருந்து கொடுக்கிறார். திருக்கழுக்குன்றத்தில் என் பெயருக்கு ஒரு பெட்டி வந்தால், நான் வீடு சேர்வதற்குள் அதில் என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்திருக்கும். என்னைத் தெரிந்தவர்களை நம்புவது ஒரு வகை, தெரியாதவரை நம்புவது இன்னொரு வகை. சென்ற வருடம் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவே அலைந்து களைத்துப்போனேன்.

என் அண்ணன் குமரன் கல்பாக்கத்தில் பார்த்துவந்த ஒப்பந்த வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக் கல்விளக்குகளை இணையத்தில் விற்கத் தொடங்கினான். வலைத்தளம் என் பொறுப்பு. கொள்முதல் அவன் பொறுப்பு. பொருளை ஏற்றி அனுப்ப, வாடிக்கையாளர் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள, கூட்டாளியாக ஒரு நிறுவனம் வேண்டும். அது சொதப்பினால் அண்ணனுக்குத் திரும்பிப் போக வேலை இல்லை. இங்கே என்னோடு வேலை பார்க்கும் டச்சுக்காரி மரைக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "பிரிய நேர்ந்தால் எப்படிப் பிரிவீர்கள்?" எங்கள் தொழில் நாசமாக வேண்டும் என்று நினைக்கிறாளோ என்று இரண்டு நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. இங்கே அக்கறை உள்ளவர்கள் கேட்கும் கேள்வி அது என்று பிறகுதான் புரிந்தது. அதற்குள் அந்தக் கேள்வி எனக்கும் தொற்றிவிட்டது.

விடுமுறையில் ஊருக்குப் போனேன். அண்ணன் தேர்ந்து வைத்திருந்தவர் திருப்போரூரில் பார்சல் நிறுவனம் நடத்தும் தயாளன், அவனோடு பள்ளியில் படித்தவர். வெள்ளிக்கிழமை காலை, அவருடைய அலுவலகத்தில், தாம்பூலத் தட்டில் ஒப்பந்தத்தை வைத்து, அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டினான் அண்ணன். சுடர் அணையும் முன்பே நான் கேட்டுவிட்டேன்: "விளக்கு வழியில உடைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

அண்ணனின் கை அப்படியே நின்றது. தயாளன் மட்டும் சிரித்தார். "ஒடையும்மா. கல்லு, அவ்ளோ தூரம் குலுங்கினு போவுது, ஒடையாம இன்னா பண்ணும்? ஒடஞ்சா எங்கிட்ட சொல்லு, பாத்துக்கலாம்."

அண்ணன் கையெழுத்துப் போடாமல் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பேருந்தில் வாய் திறந்தான். "அங்க போய் இதத்தான் கத்துக்கினு வந்தியா? தாலி கட்டச்சொல்லோ விவாகரத்து எப்போன்னு கேக்குற. அவனும் கற்பூரத்துக்கு முன்னாடி ஒடையும்ன்றான். இது வெளங்குமா?"

அடுத்த வாரமே நாவலூரில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு அழைத்துப்போனான். குளிர்சாதனம், காபி, பளபளக்கும் அட்டையில் விலைப்பட்டியல். அதே கேள்விக்கு அந்த இளைஞர், "உடையவே உடையாது மேடம், எங்க டீம் பாத்துக்கும்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில், இப்படித்தான் பேசணும் என்றிருந்தது. எனக்கு வாதாடத் தெம்பில்லை. இரண்டு பேர் வழியாகவும் எனக்கே ஒரு விளக்கு அனுப்பு, பிறகு முடிவு செய்வோம் என்று மட்டும் சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

இரண்டும் உடைந்துதான் வந்தன. நாவலூருக்கு எப்போது பேசினாலும் ஒரு புதிய குரல். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். கூப்பிடுகிறோம் என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். தயாளன் முதல் மணியிலேயே எடுத்தார். "நான் சொன்னனா இல்லியா? எங்க ஒடஞ்சுது, தண்டா, அடியா?" தண்டு என்றேன். "அப்போ படுக்க வச்சு அனுப்பணும். பொட்டிய மாத்தி வேற அனுப்புறேன், போ."

அண்ணனிடம் சொன்னேன். அவன் இறங்கி வந்தான். "சரி, தயாளன்கிட்டயே போலாம். வர்றது முழுசா வந்துச்சுன்னா கையெழுத்துப் போடுறேன். ஆனா நல்ல நாளுல நீ வாயத் தொறக்கக் கூடாது."

இன்றைய சீட்டு அந்தப் பெட்டிக்குத்தான். எதிர்வீட்டுப் பெரியவர் இரண்டு கைகளாலும் அதைத் தூக்கி வந்தார். சுங்கத்துக்காக முழுப்பெயர் எழுதச் சொல்லியிருந்தேன். அனுப்புநர் அண்ணன், பெறுநர் நான்; இரண்டு பெயருக்குப் பின்னும் அப்பாவின் பெயர், வேதகிரி. ஒரு முனை திருக்கழுக்குன்றம், மறுமுனை இந்தத் தெரு. பெரியவர் இரண்டையும் விரலால் தொட்டு, "இதில் நீங்கள் எது?" என்று கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார்.

நன்றி சொல்லிவிட்டு, அவர் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவே பெட்டியோடு நின்றேன். அங்கே அண்ணன் என் அழைப்புக்காக விழித்திருப்பான். லேசாகக் குலுக்கினால் உள்ளே உடைந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். குலுக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.