நெஞ்சு ஒப்பரேஷன்

நோயாளி உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போடத் தேவையில்லை, நேர்முகப் பரீட்சை கிடையாது, சம்பளமும் இல்லை. ஆனால் சேர்ந்த அன்றே ஊரில் உள்ள அத்தனை பேரும் உங்களுக்கு மேலதிகாரி ஆகிவிடுவார்கள். நான் இருபத்தொன்பது வயதில் சேர்ந்தேன். என் பிரிவு: இடது மார்பில் புற்றுநோய். கொன்வென்டில் படித்தவள் என்பதால் மார்பு என்ற அந்த ஒரு சொல்லை எழுதுவதற்கு மூன்று தரம் வெட்டித் திருத்த வேண்டியிருந்தது. மகள் நித்திரையான பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன். இடப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் நீங்களும் இந்நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பீர்கள். ஆகவே தோழிகளே, கேளுங்கள்.

பூவின் பாகங்கள்

எங்கள் சிஸ்டர் பூவின் பாகங்களை ஒன்றுவிடாமல் படிப்பித்தார். அல்லி, புல்லி, மகரந்தம், சூலகம். இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். மனித உடல் என்ற பாடம் வந்தபோது கழுத்து வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு சிஸ்டர் நேரே முழங்காலுக்கு இறங்கிவிட்டார். அதனால், மகள் அஸ்மாவுக்குப் பால் கொடுக்கும்போது இடப் பக்கத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் தட்டுப்பட்டபோது, அது அல்லியா புல்லியா என்று எனக்குத் தெரியவில்லை.

உம்மாவிடம் சொன்னேன். உம்மா பக்கத்து வீட்டு ராத்தாவிடம் சொன்னார். ராத்தா வந்து அமத்திப் பார்த்து, பால்கட்டு என்று தீர்ப்புச் சொல்லி, கோவா இலை, அதாவது முட்டைக்கோஸ் இலை, வைத்துக் கட்டச் சொன்னார். மூன்று மாதம் கோவா இலை வைத்தோம். வீட்டில் எல்லாரும் கோவாச் சுண்டல் தின்று களைத்துப் போனார்கள். புளியங்கொட்டை கொட்டைப்பாக்கு ஆனது. பிறகுதான் ஆஸ்பத்திரி, ஸ்கேன், ஊசியால் துண்டு எடுத்துப் பரிசோதனை. முடிவு வந்த அன்று பின்னேரம் ராத்தா வேலிக்கு அங்கால நின்று உம்மாவிடம் சொன்னார்: "நான் அண்டைக்கே சொன்னதானே, நீங்க வாங்கின கோவா பழசு எண்டு."

மூன்று இடத்தில் அடைப்பு

உங்கள் மகளுக்கு எங்கே வருத்தம் என்று யாரும் கேட்டால் உம்மா என்ன சொல்வார்? மார்பு என்பது புத்தகத்தில் உள்ள சொல். மற்றச் சொற்கள் கதவைச் சாத்திக்கொண்டு பெண்களுக்குள் கதைக்கிற சொற்கள். உம்மா யோசித்து, மரியாதையான ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். "புள்ளைக்கு நெஞ்சில ஒரு ஒப்பரேஷன்." அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிவதற்குள் எங்கள் ஊர் கல்முனைக்குடி முழுக்க எனக்கு இருதய நோய். ஒருவர் உள்ளிப்பூண்டு கொண்டுவந்தார். ஒருவர் மருதம்பட்டை அவித்த தண்ணீர் கொடுத்தனுப்பினார். படி ஏறாதே, உப்புத் தின்னாதே, பிள்ளையைத் தூக்காதே என்றார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் தற்செயலாகச் சரி.

மாமியின் காக்கா, என் கணவரின் தாய்மாமன், பைபாஸ் செய்துகொண்டவர், ஒருநாள் நேரில் வந்தார். நெஞ்சைத் திறந்தவர் என்பதால் ஊரில் அவருக்கு ஒரு தனி அந்தஸ்து. கதிரையில் உட்கார்ந்து என் காலை உற்றுப் பார்த்து, நெஞ்சில் வைத்துத் தைக்க நரம்பை எந்தக் காலில் எடுக்கப் போகிறார்கள் என்று கேட்டார். நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா மின்விசிறியைப் பார்த்தார். இன்னும் சொல்லவில்லை மாமா என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார்: "பயப்படாத புள்ள. எனக்கு மூணு இடத்தில அடைப்பு. உனக்கு ஒரு பக்கம்தானே."

இரண்டு வட்டம்

சத்திரசிகிச்சை டொக்டர் சிங்களவர். தமிழ் கதைப்பார்; வினைச்சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் பஞ்சம். "முழுசா எடுக்கிற இல்ல," என்றார். "கட்டி எடுக்கிற. சுத்தி கொஞ்சம் நல்ல இடம் எடுக்கிற. மிச்சம் உங்களுக்கு." கடைக்காரர் பாக்கிச் சில்லறை கொடுப்பது போலத்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. ஒரு தாளில் சின்ன வட்டம் கீறி, அதைச் சுற்றிப் பெரிய வட்டம் கீறினார். வெட்டியெடுத்த துண்டின் ஓரத்தைப் பரிசோதிப்பார்களாம். ஓரம் சுத்தம் என்றால் தப்பித்தேன். ஓரத்தில் நோய் நின்றால் மறுபடியும் வெட்ட வேண்டும், சிலவேளை முழுவதையும். அன்று முதல் எனக்கு வேறு கவலை கிடையாது. ஓரம் சுத்தமாக வருமா, அஸ்மா பள்ளிக்கூடம் போகிற வயதில் அவளுக்குத் தலை பின்ன நான் இருப்பேனா, இந்த இரண்டும்தான்.

என் கணவர் ஒரு மாதமாக வாய் திறக்காமல் இருந்தவர், ஓரம் என்றதும் நிமிர்ந்தார். சுற்றிவர எவ்வளவு விடுவீர்கள், தையல் உள்ளுக்கா வெளியிலா, இழுத்துத் தைத்தால் சுருக்கு விழாதா என்று அடுக்கினார். டொக்டருக்கு ஒரே சந்தோஷம். இருவரும் தாளில் குனிந்து பேனையால் கோடு கீறிக் கதைத்தார்கள். நான் நடுவில் துணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் டொக்டர், நீங்களும் மருத்துவத் துறையா என்று கேட்டார். இவர் அடக்கமாகச் சொன்னார்: "இல்ல டொக்டர். ஜென்ட்ஸ் டெய்லர்."

பால் மறக்கடித்தது

அஸ்மாவுக்கு அப்போது ஒரு வயதும் பத்து மாதமும். ஒப்பரேஷனுக்கு முன்னர் பாலை நிறுத்தியாக வேண்டும் என்றார்கள். வேப்பிலையை அரைத்துப் பூசினேன். அவள் நக்கிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குடிக்கத் தொடங்கிவிட்டாள். என் சமையலுக்குப் பழகிய பிள்ளை, வேம்பு எல்லாம் ஒரு கசப்பா? கடைசியில் நான் மூன்று இரவு உம்மாவின் அறையில் படுத்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழுதாள். இந்தப் பக்கம் நான் வாய்க்குள் முந்தானையைத் திணித்துக்கொண்டு கிடந்தேன். என் சட்டை நனைந்தது. பாலுக்கு ஒப்பரேஷன் திகதி தெரியாது.

மாமி வந்தார். அவர் கெட்டவர் இல்லை; பேரப்பிள்ளையின் அழுகை அவருக்குப் பொறுக்கவில்லை. தாமதித்தால் நோய் பரவும் என்று டொக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். மாமி கேட்டுவிட்டு, நியாயமாகவே கேட்டார்: "குர்ஆன்ல ரெண்டு வருஷம் எண்டு வந்திரிக்கி. இன்னம் ரெண்டு மாசம்தானே மகள், கட்டி எங்க ஓடவா போகுது?"

களா

இரவு பன்னிரண்டுக்குப் பிறகு தண்ணீரும் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு ஒப்பரேஷன் என்றார்கள். எட்டு பத்தானது, பத்து ஒன்றானது. ஏதோ அவசர கேஸ். நாக்கு செருப்புத்தோல் மாதிரி ஆகிவிட்டது. வார்டு யன்னலுக்கு வெளியே ஒருவர் வடை விற்றுக்கொண்டிருந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாமி போனில் விசாரித்தார். ஒன்றும் சாப்பிடவில்லை மாமி, குடிக்கவுமில்லை, நோன்பு பிடிக்கிற சஹர் நேரத்திலிருந்து இப்படித்தான் என்றேன். அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. துஆ ஓதுகிறார் என்று நினைத்தேன். பிறகு மனவருத்தத்தோடு சொன்னார்: "அநியாயமாப் போச்சே மகள். நோன்பு நிய்யத்து வெச்சிருந்தா, நீ விட்ட களா நோன்புல ஒண்டு கழிஞ்சிருக்கும்."

அம்பு

எந்தப் பக்கம் என்று ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கேட்டபோது, இத்தனை பேருக்குச் சந்தேகம் என்றால் எனக்கும் ஒன்று இருப்பதுதான் மரியாதை என்று பட்டது. டொக்டர் தடித்த பேனையால் இடப் பக்கம் ஓர் அம்புக்குறி கீறிவிட்டுப் போனார். தியேட்டர் வாசலில் தாதி சிங்களத்தில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களத்தை எல்லாம் திரட்டி, தெளிவாக, உரக்க, "தகுண" என்றேன். அது வலது. தாதி துணியை விலக்கி அம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தமிழுக்கு மாறினார்: "நங்கி, அம்பு இடது சொல்லுது, நீங்க வலது சொல்றீங்க. நான் யார நம்புற?"

மை

கைக்குக் கீழ் கமக்கட்டில் நோய் ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒப்பரேஷனின்போது ஒரு நீல மருந்து ஏற்றுவார்கள். அதை யாரும் எனக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை. மறுநாள் காலை கழிப்பறைக்குப் போனவள், பச்சையும் நீலமுமாகக் கண்டு, மௌத்து நெருங்கிவிட்டது என்று கலிமா சொல்லிக்கொண்டே திரும்பி வந்தேன். கட்டின் விளிம்புக்கு வெளியேயும் நீலம்.

பக்கத்துக் கட்டிலில் காரைதீவு அக்கா ஒருவர். வயல் செய்கிறவர். அவருக்கு முதல் நாள் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் அழுவதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பக்கக் கட்டைப் பிடித்துக்கொண்டு, நோகாத அளவுக்குச் சிரித்தார்: "எலக்ஷனுக்கு விரல்லதானே தங்கச்சி மை பூசுவாங்க. நீ எத்தின கள்ள வாக்குப் போட்டாய், இப்பிடி முழுக்கப் பூசிவிட்டிரிக்காங்க?"

போத்தல்

வீட்டுக்கு வரும்போது ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு போத்தலும் கூடவே வந்தன. காயத்து நீர் அதில் வடியும். அபாயாவுக்குள் ஒரு துணிப்பையில் அதைத் தொங்கவிட்டிருந்தேன். நடந்தால் குலுங்கும், நலம் விசாரிக்க வந்தவர்கள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மேசைக்குக் கீழே தேடுவார்கள். அஸ்மா தேடவில்லை. பையை விலக்கி, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கிழமையாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது: உம்மா பாலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறா என்று. கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டினாள்: "அஸ்மாக்கு ரோஸ் பால்."

கைப்பழக்கம்

இடது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. முன்னால் திறக்கிற மாதிரி உடுப்பு வேண்டும். கடையில் பெண்களின் துணியைத் தொடாத என் கணவர், முதல் தடவையாக எனக்காக உட்கார்ந்தார். அளவெடுக்கும்போது நாடாவைக் கட்டின் மேல் படாமல் ஒரு விரல் உயரத்தில் பிடித்தார். 

மறுநாள் இரண்டு சட்டை வந்தது. பருத்தித் துணி, மெத்தென்று, பொத்தான் எல்லாம் ஒழுங்காக. காயத்தில் உரசாமல் உள்ளுக்கு ஒரு மெல்லிய மடிப்பும் வைத்திருந்தார். எல்லாம் சரி, ஆனால் இடப் பக்கத்தில், காயத்துக்கு நேர் மேலே, பேனை வைக்கிற ஒரு பை. நான் பையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்: "நான் தைக்கல்ல. கை தானாத் தைச்சிட்டு."

வெள்ளிக்கிழமை

முடிவு வர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையில் நான் தின்றதும் குடித்ததும் நினைவில்லை. அஸ்மாவின் தலைமயிரை ஒரு நாளைக்கு நாலு தரம் பின்னியது மட்டும் நினைவிருக்கிறது. நாலு விரற்கடை மயிர், பின்னல் நிற்கவே நிற்காது.

டொக்டர் பரிசோதனைக் கோவையைத் திறந்தார். வாசிக்க எடுத்த நேரத்தில் ஒரு யாசீன் சூரா ஓதி முடித்திருக்கலாம். "ஓரம் சுத்தம்," என்றார். "கமக்கட்டும் சுத்தம்." இனிக் கதிர்ச் சிகிச்சை மட்டும் என்றார்.  பிறகு, கேட்கக் கூடாது என்று வீட்டிலிருந்தே தீர்மானித்து வந்த கேள்வியைக் கேட்டேன்: நோய் மறுகா வருமா, டொக்டர்? அவர் பேனையை வைத்தார். எங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, எங்கள் வாயிலிருந்தே ஒரு சொல்லைத் தேடி எடுத்து, சிரித்துக்கொண்டு சொன்னார்: "வராது. இன்ஷா அல்லாஹ்."

அவருக்கு எங்கள் பஸார் தெரியாது. பெருநாளைக்கு முந்திய மாதம் என் கணவர் கடைக்கு வருகிற எல்லாரிடமும் "இன்ஷா அல்லாஹ் வெள்ளிக்கிழமை தாறன்" என்பார். அந்த வெள்ளிக்கிழமையில் சட்டை கிடைத்த மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் கணவருடைய முகம் வெளுத்துவிட்டது. மேசையில் கையூன்றி, தன் தொழில் ரகசியம் முழுவதையும் விட்டுக்கொடுத்துக் கேட்டார்: "டொக்டர், இது அல்லாஹ் நாடினா எண்டு சொல்ற இன்ஷா அல்லாஹ்வா, இல்லாட்டி நாங்க கடையில சொல்றதா?"

கதிர்ச் சிகிச்சையும் முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் வாங்குப் பலகையில், துணியையும் கொடுத்துவிட்டு வேறு கடைக்கும் போக முடியாத பெருநாள் வாடிக்கைக்காரி மாதிரி, முடிந்துவிட்டதா என்று கேட்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.