ஆறு ஜி.பி.யா, எட்டு ஜி.பி.யா?

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மச்சான் சத்யா ஒரு லாரியைக் கொண்டுபோய் டோல்கேட் சுவரில் நேராக மோதினான்.

பதற வேண்டாம். லாரி, டோல்கேட், சுவர் எல்லாமே கம்ப்யூட்டர் கேமில் இருந்தவை. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஆனால் சத்யா மோதுகிற ஆள் கிடையாது. வண்டி ஓட்டுவதையே பதினோரு வருஷம் வேலையாகச் செய்தவன். ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில், லைனை விட்டு இறங்கும் புதுக் காரை உள்ளேயே இருக்கும் டிராக்கில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பான். பிரேக் சரியா, மேடு பள்ளத்தில் சத்தம் வருகிறதா, தண்ணீரில் இறங்கினால் உள்ளே கசிகிறதா... எல்லாம் பார்த்து ‘ஓகே’ சொல்ல வேண்டும். பின் கதவு ரப்பர் லேசாகத் தூக்கியிருந்தால் காதாலேயே கண்டுபிடித்துவிடுவான். அவன் ஓகே சொன்ன கார்கள் எத்தனை ஊரில் ஓடுகின்றனவோ, யார் கண்டது? அவனிடம் இருப்பது ஒரு பழைய பைக்.

போன வருஷம் ஆலையில் மெடிக்கல் செக்கப் நடந்தது. வலது கண்ணில் பார்வை பாதிகூட இல்லை என்றார்கள். சுகர் செய்த வேலை. டிராக்கில் வண்டி ஓட்ட முடியாது என்று எழுதிவிட்டார்கள். சரி, நியாயம்தான். வேறு வேலை? சத்யா கான்ட்ராக்டர் மூலமாகப் போன ஆள். கேட் பாஸை வாங்கிக்கொண்டு, “சொல்லியனுப்புறோம்” என்றார்கள். இன்னமும் சொல்லியனுப்பவில்லை.

பிள்ளைப்பாக்கத்தில் வீட்டோடு இருந்தான். அவன் மனைவி தேவி, ஸ்ரீபெரும்புதூரில் போன் அசெம்பிளி லைனில் ஷிப்ட் போகிறாள். அவளை கம்பெனி பஸ் ஏற்றிவிட்டு வந்தால், அதற்கப்புறம் நாள் முழுக்க சத்யாவுக்கு ஒன்றும் இல்லை.

அப்போதுதான் ஒரு பழைய கம்ப்யூட்டரையும், யாரோ விற்ற ஸ்டியரிங், பெடல் செட்டையும் வாங்கிப் போட்டு லாரி ஓட்டும் கேம் ஆட ஆரம்பித்தான். ரேஸ் அல்ல. சிக்னலில் நிற்பான். இண்டிகேட்டர் போடுவான். ஸ்பீடு பிரேக்கரில் கியரைக் குறைப்பான். பார்த்தால் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் சிரிப்பு வராது.

மே மாத வெயிலில் அந்தக் கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரைக்குப் படம் அனுப்புகிற பாகம், போய்விட்டது. திரையெல்லாம் கோடு கோடாக வந்து, அப்புறம் ஒரே கருப்பு.

சத்யா எனக்கு போன் செய்தான்.

“மாமா, செகண்ட்ஸ்ல ரெண்டு கார்டு கீது. எத வாங்கலாம்னு நீதான் பார்த்து சொல்லணும். கொஞ்சம் சீக்கிரமா சொன்னா நல்லாருக்கும்.”

இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். வல்லம் வடகாலில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பர்ச்சேஸ். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது லாபம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என்னிடம் வந்து ‘எது நல்லது’ என்று கேட்டால் எப்படி இருக்கும்? பசித்தவனுக்கு இலை போட்ட மாதிரி இருந்தது.

கேள்வியின் கடைசியில் ‘சீக்கிரமா’ என்று ஒரு வார்த்தை இருந்தது. அது என் காதில் விழவே இல்லை.

முதல் கார்டு ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் இருந்தது. மூடிப்போன பிரவுசிங் சென்டரிலிருந்து வந்தது. ஆறு ஜி.பி. நினைவகம். மின்சாரம் குறைவாக எடுக்கும், அதிகம் சூடாகாது. கடைக்காரர், “சிபியூவைக் கொண்டாந்தீங்கன்னா இன்னிக்கே மாட்டிக் குடுத்துடுறேன் சார்” என்றார்.

இரண்டாவது, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் ஒருவரிடம். எட்டு ஜி.பி. விலையில் ஐந்நூறு ரூபாய் குறைவு வேறு! ஆனால் அந்தக் கார்டு, கம்ப்யூட்டரை ராத்திரி பகலாக ஓடவிட்டு டிஜிட்டல் காசு சம்பாதிப்பார்களே, அந்த வேலையில் இருந்தது. “ரெண்டு வருஷம் நிக்காம ஓடுச்சு சார். பொய் சொல்ல மாட்டேன். ஃபேன் மட்டும் புதுசு” என்றார். பொய் சொல்லாத வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆறா, எட்டா?

எக்செல் ஷீட் போட்டேன். நினைவகம், மின்சாரம், சூடு, வயது, விலை, எத்தனை ஃப்ரேம்... ஃப்ரேம் என்றால், ஒரு வினாடிக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு. கூடக்கூட ஓட்டம் வழவழவென்று இருக்கும். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வீடியோ பார்த்தேன். ஒருவர் ஆறு போதும் என்பார். இன்னொருவர் எட்டு இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அழுவீர்கள் என்பார். ஒரு கேமில் எட்டு ஜி.பி. ஐந்து ஃப்ரேம் முந்தியது. இன்னொன்றில் ஆறு ஜி.பி. மூன்று ஃப்ரேம் முந்தியது. ஃபேஸ்புக் குழு ஒன்றில் சேர்ந்து, முகம் தெரியாத ஒரு கோயம்புத்தூர்க்காரரோடு இரண்டு நாள் சண்டை போட்டேன். எதற்கு? இலைகளின் நிழல் எந்தக் கார்டில் இயற்கையாக விழுகிறது என்பதற்கு!

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. ஆபீசில் போல்ட்டையும் வாஷரையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு மரத்துப்போன மூளைக்கு, இது திருவிழா.

முதல் வாரம் சத்யா கேட்டான்: “பார்த்தியா மாமா?”

“பார்த்துக்கிட்டே இருக்கேன்டா.”

இரண்டாவது வாரம் கேட்டான். அதே பதில்.

மூன்றாவது வாரம், “எதுனா ஒண்ணு மாட்டிடலாம் மாமா. ஓடுனா போதும்” என்றான்.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. “அவசரப்பட்டு வாங்கினா ஏமாந்துடுவே. பொறுமையா இரு. இருக்கறதுல பெஸ்ட்டா பார்த்து எடுத்துத் தர்றேன்” என்று ஒரு பாடமே எடுத்தேன். “சரி மாமா” என்று வைத்துவிட்டான்.

நான்காவது வாரம் அவன் போன் செய்யவில்லை. பையனுக்குப் பொறுமை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வயது ஆளைப் பையன் என்று நினைக்கிற அளவுக்கு என் தலைக்கனம் ஏறியிருந்தது.

ஐந்தாவது வாரம் தீர்ப்பு எழுதினேன் - ஆறு ஜி.பி. என்று. கடைக்குப் போனேன். விற்றுப்போயிருந்தது. பத்து நாளாயிற்றாம்.

உடனே என் தீர்ப்பை மாற்றிக்கொண்டு, எட்டுதான் எப்போதும் சிறந்தது என்று எனக்கு நானே நிரூபித்து, சிங்கப்பெருமாள் கோவிலில் போய் வாங்கி வந்தேன். சத்யா வீட்டில் மாட்டினோம். விண்டோஸ் வந்தது. கேமைத் திறந்ததும் கம்ப்யூட்டர் டப்பென்று அணைந்தது. கார்டு கேட்கிற மின்சாரத்தை உள்ளே இருந்த பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டியால் கொடுக்க முடியவில்லை. மின்சாரத்துக்கென்றே என் ஷீட்டில் ஓர் இடம் இருந்தது. கார்டை எழுதினேன். பெட்டியை எழுத மறந்தேன்.

அன்றைக்கு சத்யா அதிகம் பேசவில்லை. திரையை உற்றுப் பார்க்கவும் இல்லை. சலிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

புதுப் பெட்டி வாங்க வேண்டும். என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அதிலும் மூன்றை எடுத்து வைத்து ஒப்பிட்டேன். இரண்டு வாரம்.

ஆக மொத்தம் ஏழு வாரம் கழித்து, போன ஞாயிறு மதியம் எல்லாம் சரியாக ஓடியது. செட்டிங்ஸை இருப்பதிலேயே உச்சத்தில் வைத்தேன். திரையில் மழை பெய்து ஓய்ந்த ரோடு. தார் மேல் வானம் தெரிகிறது. ஓரத்தில் புல் ஒவ்வொன்றாக ஆடுகிறது. கண்ணாடியில் துளி வழிகிறது. அறுபது ஃப்ரேம், கொஞ்சமும் குறையாமல்!

“எப்பிடிடா?” என்றேன்.

“நல்லாருக்குது மாமா” என்றான். குரலில் ஒன்றும் இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்தான். கிளம்பினான். முதல் வளைவில் ஓரக்கல்லை உரசினான். இரண்டாவதில் எதிர் லேனுக்குப் போனான். புது கார்டு, பழக வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் அந்த டோல்கேட். பட்டப்பகல். அகலமான ரோடு. சுவரில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டை பட்டையாக அடித்திருக்கிறது. பிரேக்கில் கால் வைக்காமல் நேராகப் போய் மோதினான்.

“ரோடு இருட்டா கீதா மாமா?” என்றான்.

நான் திரையின் வெளிச்சத்தைக் கூட்டப் போனேன். டீ கொண்டுவந்த தேவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அண்ணே... அவருக்கு சரியாத் தெரியல. ஒரு மாசம் ஆவுது” என்றாள்.

இடது கண். ஒரு நாள் காலையில் எழுந்தபோது கண்ணுக்குள் கரி கரியாக மிதந்ததாம். சாயங்காலத்துக்குள் திரை விழுந்த மாதிரி ஆகிவிட்டது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்களாம். லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். நான் கோயம்புத்தூர்க்காரரோடு நிழலுக்குச் சண்டை போட்டு முடித்து, தீர்ப்பு எழுத உட்கார்ந்திருந்த வாரம் அது.

“மொதல்லயே டாக்டரு சொல்லிட்டாரு அண்ணே, இந்தக் கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்குதுன்னு. அதான் இவரு, கண்ணு நல்லா கீறப்பவே நாலு ரோடு ஓட்டிடறேன்னு சொல்லிகினு இருந்தாரு.”

சத்யா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?” என்றேன்.

“சொல்லியிருந்தா நீ இன்னா மாமா பண்ணியிருப்பே? ரெண்டு டாக்டரு பேர எழுதி வெச்சிகினு எது பெஸ்ட்டுன்னு பார்த்துகினு இருந்திருப்பே.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். தேவியும் லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது அப்படியே உண்மை.

டீயைக் குடித்தோம். கிளம்பிவிடலாமா என்று பார்த்தேன். சத்யா விடவில்லை.

“மாமா, இந்தப் புல்லு, நெழலு, மழ... அதெல்லாம் எடுத்துடேன். கண்ணக் கொழப்புது.”

செட்டிங்ஸைத் திறந்தேன். நிழலை எடுத்தேன். “இன்னும்” என்றான். புல்லை எடுத்தேன். தார் மேல் தெரிந்த வானத்தை எடுத்தேன். மரங்கள் அட்டைபோல் ஆயின. “இன்னும் மாமா.” உச்சத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து அடிமட்டத்துக்கு... கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, நடுவில் தடியாக ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான் மிஞ்சியது.

“ஆங்... இப்ப தெரியுது.”

திரையின் மூலையில் ஃப்ரேம் எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அங்கே ஆள் இல்லை. இந்த அளவுக்கு ஆறு ஜி.பி. போதும். அதிலும் பாதி இருந்தால்கூடப் போதும். முதல் நாளே அந்தக் கடைக்காரர் மாட்டித் தருகிறேன் என்ற கார்டில், ஏழு வாரத்தில் முதல் மூன்று வாரமாவது, புல்லும் மழையுமாக அவன் பார்த்திருப்பான்.

சத்யா முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினான். மெதுவாக. இண்டிகேட்டர் போட்டு. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு கியர் மாற்றினான். டோல்கேட் வந்ததும் கேட்டான்: “எத்தினி தூரம் மாமா?” நான் சொன்னேன். நின்றான். அன்று மாலை வரைக்கும் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். லெஃப்டில் வளைவு. முன்னால் பஸ். சிக்னல் சிவப்பு. இனி ஞாயிறுகளில் அதுதான் எனக்கு வேலை. மற்ற நாட்களில் அவன் தனியாகத்தான் மோதிக்கொள்ள வேண்டும்.

யாராவது வந்து ‘இதில் எது நல்லது’ என்று கேட்டால், ‘உனக்கு எப்போது வேண்டும்’ என்று முதலில் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.