முப்பது செகண்ட் பாட்டுக்கு ஒரு நன்றி

போன வாரம் எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு ரைஸ் குக்கர் விளம்பரப் பாட்டு அரங்கேறியது. அதுவும் ஜப்பானிய மொழியில். கேட்டவர்களில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான்காவது ஆள் நான்... கேட்டால் இல்லை என்பேன்.

முதலில் பாடியவளைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஹருகோ. யோகா கற்றுக்கொள்ள ஒசாகாவிலிருந்து மைசூருக்கு வந்தவள். மூன்று மாதமாக எங்கள் மாடியில் குடியிருக்கிறாள். வயது முப்பது இருக்கும். என்னோடு இங்கிலீஷில் பேசுவாள். எதிரில் பார்த்தால் மட்டும் 'ஊட்டா ஆயிதா?' என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பாள் — காலை ஆறரை மணிக்கும் அதே விசாரிப்புதான்.

தினமும் குளித்த ஈரத் தலையோடு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே ஒரு பாட்டு பாடுவாள். ஒரே பாட்டு. மெதுவாக ஆரம்பிக்கும். நடுவில் ஓரிடத்தில் மேலே ஏறும். அங்கே நமக்கு என்னவோ செய்யும். யோகா படிக்க வந்த பெண், விடிகாலை, ஈரத் தலை, உருக்கமான பாட்டு... நான் என்ன நினைப்பேன்? புத்தர் மேல் பாடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவள் பாடும்போது மரியாதைக்காக மிக்ஸியை நிறுத்திவைப்பேன். எத்தனையோ நாள் எங்கள் வீட்டில் சட்னி லேட். போதாததற்கு, 'எங்க மாடியில தினம் புத்தர் பிரார்த்தனை நடக்குது' என்று அக்ரஹாரம் முழுக்கப் பெருமை அடித்தும் வைத்தேன். அவளிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? எல்லாம் தெரிந்தவர்கள் எதற்குக் கேட்க வேண்டும்?

இந்த வருஷம் கொலு வைத்ததற்கு உண்மையான காரணம் என் தங்கை பத்மா.

அவள் கணவர் சேகர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. முதல் நாள் லேசான காய்ச்சல். மறுநாள் ஆளில்லை. குழந்தைகள் கிடையாது. கொள்ளேகாலில் அந்த வீட்டில் இப்போது அவள் மட்டும்தான். இந்தப் பதினோரு மாதத்தில் அவள் யார் முன்னாலும் அழவில்லை. 'என்ன ஒரு தைரியம் பாருங்க' என்று உறவுக்காரர்கள் பாராட்டினார்கள். நான் பார்த்தது வேறு. ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். போன் செய்தால், "நல்லா இருக்கேன்க்கா, வெச்சிடட்டுமா?" என்பதோடு சரி. தங்கை உயிரோடு இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகிறாளே என்று பயந்துபோய், தசரா சாக்கில் நானே காரில் போய் அழைத்து வந்தேன்.

வந்தவள் நேராகச் சமையலறைக்குள் நுழைந்துகொண்டாள்.

"ஹாலுக்கு வாயேன்டி."

"வெத்தலை பாக்கு வாங்கற எடத்துல நான் எதுக்குக்கா? வர்றவங்களுக்குச் சங்கடம். சுண்டலை நான் பாத்துக்கறேன், நீ போ."

யாருக்குச் சங்கடம்? வாரா வாரம் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் நான் கிழிக்காத சம்பிரதாயம் உண்டா? ஆனால் சொந்த வீட்டில், சொந்தத் தங்கையின் கையைப் பிடித்து ஹாலுக்கு அழைத்துவர எனக்குத் துணிவு வரவில்லை. நான் மட்டும் ஹாலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கொலுவுக்கு வந்தவர்கள் பாடாமல் போக முடியாது — உங்களுக்குத் தெரிந்ததுதான். தொண்டை கட்டியிருக்கிறது, வரிகள் மறந்துவிட்டன என்று எந்தச் சாக்கும் பக்கத்து வீட்டு ஜெயா மாமியிடம் செல்லாது. அன்றைக்கு ஹருகோவும் நான் கட்டிவிட்ட புடவையில் இறங்கி வந்தாள். மாமி விடுவாரா?

"நீயும் பாடும்மா. அந்த புத்தர் பாட்டு."

"காலையில் பாடுவியே, அதைக் கேக்கறாங்க" என்று நான் இங்கிலீஷில் சொன்னேன்.

ஹருகோ திகைத்தாள். "அதையா? இங்கேயா?"

"இங்கேதான் பாடணும்" என்றேன், மிகுந்த பக்தியோடு.

பாடினாள். ஹால் அப்படியே அடங்கிவிட்டது. ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் யாரையோ பிரிந்த பாட்டு என்று எல்லோருக்கும் புரிந்தது. மாமி தொடையில் தாளம் போட்டபடி, "மோகனம்தான், சந்தேகமே இல்ல" என்று முணுமுணுத்தார். பாட்டு மேலே ஏறிய இடத்தில் சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அடுத்த வரியோடு பாட்டும் நின்றுவிட்டது. அந்தரத்தில்.

"பல்லவியோட நிறுத்திட்டியே. சரணம் பாடு" என்றார் மாமி. அதையும் நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"எனக்கு இவ்வளவுதான் தெரியும். டிவியில் முப்பது செகண்ட்தான் வரும்" என்றாள் ஹருகோ. "இது ரைஸ் குக்கர் விளம்பரம்."

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பிறகு மாமி சிரிக்க ஆரம்பித்தார். ஹாலே சிரித்தது.

அவர்கள் ஊரில் விளம்பரத்துக்கென்றே உருகி உருகிப் பாட்டு போடுவார்களாம். நல்ல பாடகர்கள் பாடுவார்களாம். ஜனங்கள் விளம்பரத்தில் கேட்டுவிட்டு, முழுப் பாட்டையும் தேடிப் போவார்களாம். நம் டிவியில் சோப்பிலிருந்து சிமென்ட் வரைக்கும் நம்மைப் பார்த்துக் கத்துகின்றன. நானெல்லாம் விளம்பரம் வந்தால் ரிமோட்டைத் தேடுகிற ஜாதி.

ஹருகோ போனில் அந்த விளம்பரத்தைப் போட்டுக் காட்டினாள். போன் கை மாறிக்கொண்டே வந்தது. ஒரு அம்மாவும் மகளும் இருக்கும் வீடு. மகள் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். மறுநாள் காலை அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு கப் அரிசி அளக்கிறாள். கை நிற்கிறது. ஒரு கப்பைத் திரும்ப டப்பாவிலேயே கொட்டுகிறாள். பின்னணியில் அந்தப் பாட்டு. அவ்வளவுதான்.

போன் கடைசியாக யார் கைக்குப் போயிற்று என்று நிமிர்ந்து பார்த்தேன். பத்மா. கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடித்தவள் ஹாலுக்குள் வந்து, பெண்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் இன்னும் ரெண்டு டம்ளர்தான் போடறேன்க்கா" என்றாள். "தெனமும். மிச்சத்தை என்ன செய்யறதுன்னே தெரியல."

பிறகு அழுதாள். பதினோரு மாதத்தையும் சேர்த்து அழுதாள். யாரோ, "அழாதம்மா" என்று ஆரம்பித்தார்கள். "அழட்டும் விடுங்க" என்று மாமி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டார். பாவம் ஹருகோ, தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாகப் பயந்து, அவளும் அழுதுகொண்டே எல்லோரிடமும் ஸாரி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒசாகாவை விட்டு வந்த பிறகு, இந்த விளம்பரம் வந்தால் அவள் அம்மா டிவியையே அணைத்துவிடுவாளாம்.

கடைசியில் தாம்பூலத் தட்டை எடுத்தேன். வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்து பத்மாவுக்கும் நீட்டினேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள். ஒருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

குக்கர் விற்கத்தானே எழுதினார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம், விற்கத்தான். அந்தப் பாட்டை எழுதியவர் யார், பாடியவர் யார், ஒன்றும் எனக்குத் தெரியாது. உறவுக்காரர்களும் நானும் பதினோரு மாதம் ஆறுதல் சொல்லிப் பார்த்து ஆகாததை, அவர்கள் முப்பது செகண்டில் செய்துவிட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும். அவர்கள் குக்கர் நன்றாக விற்க வேண்டும்.

மறுநாள் காலை பத்மா அதே விளம்பரத்தை என் லேப்டாப்பில் பெரிதாகப் போடச் சொன்னாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை... மறுபடி அழப்போகிறாள் என்று நான் டவலோடு தயாராக நின்றேன். அவள் திரையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ஏன்க்கா, இந்தம்மா அரிசியை ஒரே ஒரு தரம் கழுவிட்டுக் குக்கர்ல போடறாளே, இது நல்லாவா இருக்கு?"

எங்கள் வீட்டில் எதிலும் குறை கண்டுபிடிக்கும் இலாகா சின்ன வயதிலிருந்தே பத்மாவுடையது. அன்று மத்தியானம் என் சாம்பாரில் மட்டும் நாலு குறை சொன்னாள். நாலையும் நன்றியோடு கேட்டுக்கொண்டேன்.